எழுபத்திரண்டில் ஒரு பங்கு



பெரியதைச் சிறியதாக்கிப் பார்ப்பதிலே மனிதனுக்கு எக்காலத்தும் ஒரு விருப்பம் உண்டு. கோயிற் தேரைக் கண்டு வந்த சிறுவன் வீட்டு முற்றத்திலே பனங்காய் உருளைகளைப் பூட்டித் தன் தேரைக் கட்டுகிறான். கடற்கரைப் பிள்ளைகள் முருங்கைத் துண்டிலே தோணி செதுக்கிக் களப்பிலே மிதக்க விடுகிறார்கள். அவை விளையாட்டுப் பொருள்கள். அவற்றில் சக்கரம் பெருத்திருக்கலாம், பாய்மரம் குறுகியிருக்கலாம், அதனால் குறையொன்றும் இல்லை. அளவுமாதிரி என்பது வேறு. மூலப்பொருளின் நீளம், அகலம், உயரம், அதன் கதவு, கைப்பிடி, ஆணித்தலை ஆகிய யாவும் ஒரே விகிதத்திலே சுருங்க வேண்டும். ஒன்று மாத்திரம் தன் விருப்பத்திற்கு நிற்க அங்கே இடமில்லை.

விமானங்களின் அளவுமாதிரிகள் பெரும்பாலும் 72இல் ஒரு பங்காகச் செய்யப்படுகின்றன. ஏன் இந்த 72? ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி உயரமுள்ள ஓர் ஆடவன் இந்த விகிதத்தில் சரியாக ஓர் அங்குலமாகி விடுவான். அடியும் அங்குலமும் வழங்கிய நாட்டவர் தங்கள் வசதிக்காகக் கண்ட கணக்கு இது. மீற்றர் முறையிலே படிக்கும் எங்கள் மாணவர்களுக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பின்னர் பிடித்துப் போயிற்று.

நான் புல்மோட்டையில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். கலைப் பட்டதாரி, விஞ்ஞானமும் பொறியியலும் என் துறைகள் அல்ல. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், ஒரு பக்கம் கடலும் வடபால் கொக்கிளாய்க் களப்புமாக அமைந்தது எங்கள் ஊர். மீனும் நெல்லும் கறுத்த கனிய மணலும் எங்கள் செல்வம். இவ்வூரிலே சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்கள் பன்னிருவர், பாடசாலை விட்டபின் எஞ்சிய வேளைகளிலே, ஒரு வேவு விமானத்தின் மாதிரியைச் செய்து முடித்தார்கள். அதைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

அந்த விமானத்தின் பெயர் கற்றலீனா. அமெரிக்காவின் கன்சொலிடேற்றட் நிறுவனம் செய்த பறக்கும் படகு அது. 1935ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் முதன்முதலில் பறந்தது. பறக்கும் படகு என்று நான் சொல்வது அணிக்காக அன்று; அதன் உடல் உண்மையாகவே ஒரு படகு. நீரிலே இறங்கும், நீரிலிருந்தே எழும்பும். 104 அடி நீளமான ஒரே சிறகு, உடலின் மேல் நேரே பொருந்தாமல், ஒரு தடித்த கழுத்தின் மேலே குடை விரித்தாற்போல நிற்கும். அந்தக் கழுத்துக்குள்ளே எந்திரக் காவலர் ஒருவர் அமர்ந்திருப்பார். சிறகின் மேல் இரண்டு எந்திரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 குதிரைவலு. சிறகின் இரு நுனியிலும் மிதவைகள் உண்டு. எழும்பிய பின் அவற்றை மேலே மடித்தால், அவையே சிறகின் நுனிகளாகி விடும். உடலின் பிற்பகுதியில் இரு பக்கமும் பெரிய கண்ணாடிக் குமிழ்கள். பார்ப்பதற்கு ஒரு தவளை இரு கண்களையும் முதுகுக்குக் கொண்டு போய் விட்டாற்போல இருக்கும். அழகான விமானம் என்று அதனை நான் சொல்ல மாட்டேன். வேகமும் குறைவு; கடலின் மேல் உலாவும்போது மணிக்கு நூறு மைலுக்குச் சற்று அதிகம். ஆனால் ஒரு தடவை எழும்பினால் பகல் முழுவதும், வேண்டுமானால் இரவும், வானிலே நிற்கும். உள்ளே படுக்கையும் சமையல் அடுப்பும் உண்டு. வேவு பார்ப்பவனுக்கு வேகத்தைவிடப் பொறுமைதானே வேண்டும். 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்திலாந்திக் கடலிலே தப்பிச் சென்ற ஜெர்மானியரின் பிஸ்மார்க் என்னும் பெரும் போர்க்கப்பலைத் திரும்பக் கண்டுபிடித்ததும் ஒரு கற்றலீனாதான்.

இலங்கைக்கு இவ்விமானம் வேண்டியதாயிருந்தது ஏன் என்பதற்கு வருகிறேன். 1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. வங்காள விரிகுடா யப்பானியருக்குத் திறந்து கிடந்தது. தென்னிலங்கையிலே காலிக்கு அருகில் உள்ள கொக்கல என்னும் ஊரின் களப்பினைப் பிரித்தானியர் பறக்கும் படகுகளின் தளமாக்கினர். அவ்வூர் மக்கள் தங்கள் வீடு வளவுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிங்கள இலக்கிய மேதை மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு அங்குதான் இருந்தது. ஊரின் வீடுகள் பல இல்லாமற் போக, அவ்வீடு தப்பி நின்று இன்று நூதனசாலையாக விளங்குகிறது. விமானங்களின் வரலாற்றை எழுதுவோர் இந்தச் செய்தியை ஒரு வரியிலே கடந்து போவார்கள், அல்லது விட்டே விடுவார்கள். எங்கள் மாணவர்கள் அதை விடவில்லை. இடம்பெயர்தல் என்ற சொல்லை அகராதி பார்த்துக் கற்க வேண்டிய நிலையில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இல்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள், ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள செற்லாந்துத் தீவுகளிலிருந்து கனேடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல் என்னும் அதிகாரி கொக்கலவுக்கு வந்து சேர்ந்தார். வயது 26. ஏப்ரல் 4ஆம் நாள், விடியுமுன்னரே எட்டுப் பேருடன் அவர் கடலின் மேல் உலாவச் சென்றார். பகல் முழுவதும் நீரைத் தவிர வேறொன்றும் காணவில்லை. மாலையாகிக் கொண்டிருந்த வேளையில், வழிகாட்டும் அதிகாரி தாங்கள் நிற்கும் இடத்தைக் கணித்துப் பார்த்தார். இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல். அப்பொழுதுதான் தென்திசை அடிவானத்திலே சில புள்ளிகள் தென்பட்டன. அருகே சென்றார்கள். அவை நகுமோ என்னும் யப்பானியத் தளபதியின் கப்பற்படை. விமானந்தாங்கிக் கப்பல்கள் மாத்திரம் ஐந்து.

கற்றலீனாவுக்குத் தப்பி ஓடும் வேகம் இல்லை. மறைந்து கொள்ள முகிலும் இல்லை. வானொலிக் கருவியில் இருந்தவர் செய்தியை அனுப்பத் தொடங்கினார், மீண்டும் அனுப்பினார். சீரோ என்னும் போர் விமானங்கள் வந்து சுட்டன. கருவி சிதைந்தது, எண்ணெய் தீப்பற்றியது, விமானம் கடலில் இறங்கி மூழ்கியது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். அறுவரை யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று சிறைப்பிடித்தது. செய்தி போயிற்றா என்று கேட்டு அவர்களை அடித்தார்கள். போகவில்லை என்றே அவர்கள் சாதித்தார்கள். ஆனால் கொழும்பிலிருந்தோ, அந்தச் செய்தியை இன்னொரு முறை சொல்லும்படி கேட்கும் குரல் வந்து கொண்டிருந்தது என்றும், அது யப்பானியர் காதில் விழுந்ததும் அடி கூடியது என்றும் வரலாறு கூறுகிறது. பேர்ச்சல் யுத்தம் முடியும் வரை யப்பானில் கைதியாயிருந்தார். முகாம்களிலே நோயுற்ற கைதிகளை அடிக்கவும் வேலை வாங்கவும் விடாமல் குறுக்கே நின்று, தாமே அடி வாங்கினார். 2004ஆம் ஆண்டில், 89ஆம் வயதிலே காலமானார். இலங்கையின் இரட்சகர் என்று அவரைப் புகழ்வது உண்டு.

அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தும்? மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்தஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்திலிருந்த கப்பல்களுட் பல முன்னரே வெளியேறியிருந்தபடியால் அங்கே இழப்புக் குறைந்தது. ஆயினும் ரத்மலானையில் போர் விமானங்கள் எழும்ப முன்னரே தாக்குதல் வந்து விட்டது. கடலிலே டோசெற்சயர், கோண்வோல் என்னும் இரு பெரிய கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9ஆம் நாள் எங்கள் திருகோணமலையின் முறை. சீனக்குடா விமானத் தளமும் துறைமுகமும் குண்டுகளுக்கு இலக்காயின. எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தது. எச்சரிக்கையின் பேரில் முதல்நாளே துறைமுகத்தை விட்டு அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. அதில் மாத்திரம் 307 பேர் மாண்டனர். அன்று காலையிலே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கிய இன்னொரு கற்றலீனா, செய்தியை முடிக்குமுன்னரே வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தவருள் ஒருவரும் திரும்பவில்லை. பேர்ச்சலின் பெயரை அறிந்தவர்களுட் பலர் இவர்களை அறியார். எச்சரிக்கை என்பது காப்பாற்றியும் இருக்கிறது, காப்பாற்றாமலும் விட்டிருக்கிறது என்பதே என் கணிப்பு.

இனி மாதிரிக்கு வருவோம். கனடாவில் குடியேறிவிட்ட எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரு பெட்டியை அனுப்பியிருந்தார். பெட்டியினுள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களிலே பிணைந்தபடி நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள். வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்த வேண்டும். இரண்டாம் நாளே ஒரு மாணவி ஓர் ஐயத்தை எழுப்பினாள். “சேர், இதுக்குச் சில்லு இருக்குதே. படகுக்கு ஏன் சில்லு?”

கேள்வி சரியான இடத்திலே தைத்தது. கற்றலீனாவில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்தது நீரில் மாத்திரம் இறங்கும் படகு. பின்னர் சக்கரங்களையும் சேர்த்து, நீரிலும் நிலத்திலும் இறங்கும் வகையை உண்டாக்கினார்கள். கனேடியர் அதனைக் கன்சோ என்பர். பெட்டியில் வந்தது கன்சோ. பேர்ச்சல் பறந்ததோ சக்கரமில்லாத படகு. அப்படியே செய்து விட்டால் என்ன, யாருக்குத் தெரியும் என்று ஒரு மாணவன் கேட்டான். பன்னிருவரும் இதுபற்றி ஒரு மாலை முழுவதும் வாதிட்டார்கள். நான் இடையில் புகவில்லை. முடிவிலே, திருத்தித்தான் செய்வது என்று தீர்ந்தது. பெட்டியில் உள்ளதைப் பொருத்துவதற்குப் பொறுமை போதும். பெட்டியில் இல்லாத ஒன்றாக அதை மாற்றுவதற்கு அறிவும் வேண்டும். வேலை சுவையானது அப்பொழுதுதான்.

உடலின் இரு பக்கமும் சிறகுக்குக் கீழே, சக்கரம் ஒடுங்குவதற்கென வட்டக் குழிகள் இருந்தன. மூக்கின் அடியிலே முன்சக்கரத்தின் கதவுகள் இருந்தன. இவற்றை மூடி, படகின் பக்கம்போல் மழமழப்பாக்க வேண்டும். மூடுவதற்குப் பிளாஸ்டிக் தகடு வேண்டும். அதைத் தேடிக் கொழும்புக்குப் போக முடியாது. கடையில் விற்கும் யோகட் கோப்பைகளுட் சில, மாதிரியின் பிளாஸ்டிக்கும் ஒரே இனந்தான் என்பதை ஒரு மாணவன் கண்டுபிடித்தான். பசை தொட்டவுடன் கோப்பை இளகியது, அதுவே சான்று. அன்றுமுதல் வகுப்பு முழுவதும் யோகட் சாப்பிட்டது. கோப்பையின் தட்டையான அடியை வட்டமாக வெட்டிக் குழிகளில் பதித்தார்கள். எஞ்சிய இடுக்குகளுக்கு ஒரு களிம்பு: உறுப்புகளை வெட்டியபின் மிஞ்சும் சட்டங்களைச் சிறுசிறு துண்டாக நறுக்கி, பசைத் திரவத்தில் இரண்டு நாள் ஊற வைத்தால் கூழாகிவிடும். அதைப் பூசி உலர விட்டு, மெல்லிய அரத்தாளால் நீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். கண்ணுக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். விரல் நுனியால் தடவினால் மேடு தெரியும். மீண்டும் தேய்க்க வேண்டும். கண்ணைவிட விரலை நம்புங்கள் என்று அவர்களுக்குச் சொன்னவர் ஊரிலே தோணி செய்யும் பெரியவர் ஒருவர். அவர் பாடசாலைக்கு வந்து, மாதிரியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் அடிப்பாகத்தை நெடுநேரம் பார்த்தார். படகின் அடியிலே நடுவில் ஒரு படி வெட்டப்பட்டிருப்பது ஏன் என்று அவரே கேட்டு, அவரே விடை சொன்னார்: அந்தப் படி இல்லாவிட்டால் நீர் படகின் அடியைப் பிடித்துக்கொண்டு எழும்ப விடாது. அது சரியான விடைதான்.

சக்கரத்தை எடுத்ததில் ஒரு சிக்கல் தீர்ந்து ஒரு சிக்கல் பிறந்தது. சக்கரமுள்ள மாதிரி வால்பக்கம் சாய்ந்துவிடாதிருக்க மூக்குக்குள்ளே ஈயக்குண்டு வைக்கச் சொல்லும் அந்தப் பெட்டியின் குறிப்பு. அந்த வேலை இல்லாமற் போயிற்று. ஆனால் சக்கரமில்லாத மாதிரி எதன் மேல் நிற்கும்? உண்மையான விமானத்துக்கும் இதே கேள்விதான். அதைக் கரையேற்றும்போது, ஆட்கள் நீருக்குள் இறங்கி, கழற்றி மாட்டத்தக்க சக்கரச் சட்டங்களைப் பக்கங்களிலே பிணைத்து, பின் இழுத்து ஏற்றுவார்கள். வள்ளத்தைக் கரையேற்றும் காட்சியை நாள்தோறும் காணும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலை மரத்துண்டிலே தோணித்தாங்கி ஒன்றைச் செய்து, அதன் மேலே விமானத்தை ஏற்றினார்கள்.

கணக்கும் இதனூடே நடந்தது. சிறகு 104 அடி. 72ஆல் வகுத்தால் 44 சென்ரிமீற்றர். நீளம் 27 சென்ரிமீற்றர். நீளம் 72இல் ஒன்றானால் பரப்பு 5,184இல் ஒன்று, பருமன் 3,73,248இல் ஒன்று. இந்தக் கடைசி எண்ணை நம்பப் பிள்ளைகளுக்கு நேரம் எடுத்தது. நிறைசுமையுடன் ஏறத்தாழ 15 தொன் எடையுள்ள விமானம் இந்தக் கணக்குப்படி நாற்பது கிராம் அளவே இருக்க வேண்டும். எங்கள் மாதிரியோ அதைப் போல மும்மடங்குக்கு மேல். பிளாஸ்டிக்கின் தடிப்பையும் 72ஆல் வகுக்க முடியாதே! யப்பானியத் தலைமைக் கப்பலாகிய அக்காகியின் நீளம் 260 மீற்றர். அதனை இதே விகிதத்தில் மண்டபத்துத் தரையிலே வெண்கட்டியால் வரைந்தார்கள்; பன்னிரண்டு அடி வந்தது. அத்தகைய கப்பல்கள் ஐந்து. நடுவே ஒரு முழத்துக்கும் குறைந்த சிறகோடு எங்கள் விமானம். கொக்கலவிலிருந்து அவ்விடம் 350 மைல். 72ஆல் வகுத்தால் எட்டுக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் வாசலிலிருந்து கொக்கிளாய்ப் பக்கமாக நடந்தால் இரண்டு மணி நேர வழி. அவ்வளவு தூரத்துக்கு அப்பால், பகல் முழுவதும், ஓரங்குல மனிதர் ஒன்பது பேர். பிள்ளைகள் அதன்பின் சற்று நேரம் பேசவில்லை.

மிகக் கடினமான வேலை எது என்று கேட்டால், வானொலிக் கம்பி என்பார்கள். சிறகிலிருந்து வால்வரை ஓடும் மெல்லிய கம்பி அது. பெட்டியில் அது இல்லை. நூலைக் கட்டினால் 72 மடங்கு பெருத்த வடக்கயிறாகத் தோன்றும். மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுதிரிச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து, அது இளகத் தொடங்கும் கணத்தில் இரு கைகளாலும் இழுத்தால் மயிரிழைபோல நீளும். ஒரு கணம் பிந்தினால் எரிந்து அறும், முந்தினால் நீளாது. ஐயத்தை எழுப்பிய அதே மாணவி இதிலே தேர்ந்தவளானாள். இருபதுக்கு மேற்பட்ட இழைகள் அறுந்தன. யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் படாத உறுப்பு அது. ஆனால் அந்த விமானம் கடலின் மேல் போன காரணமே அந்தக் கம்பிதான்.

வண்ணம் தீட்டும் வேளையிலே எங்கள் ஊர் மணலுக்கு ஒரு தொடர்பு வாய்த்தது. விமானத்தின் மேற்புறத்துக்குக் கடலோடு கலந்து போகும் கருஞ்சாம்பலும் பசுஞ்சாம்பலும்; பக்கத்திலே 413ஆம் அணியின் குறியெழுத்துகள்; சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் வளையங்கள் கொண்ட பிரித்தானிய வட்டச் சின்னம். யப்பானியரின் செவ்வட்டத்தோடு மயங்குகிறது என்று பின்னாளிலே இப்பகுதி விமானங்களின் சின்னத்தில் நடுச்சிவப்பை நீக்கி விட்டார்கள். எங்கள் மாதிரி 1942 ஏப்ரலுக்குரியதாகையால் சிவப்பு இருக்கிறது. வெள்ளை வண்ணக் குப்பியைத் திறந்தபோது, வெள்ளைக்கு அந்த வெண்மையைத் தருவது எது என்று கேட்டேன். தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அது எதிலிருந்து வருகிறது? இல்மனைற்றிலிருந்தும் உரூத்தைலிலிருந்தும். அவை எங்கே? சன்னலுக்கு வெளியே! 1957ஆம் ஆண்டில் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட பின்னர் எங்கள் கரையின் கறுத்த மணல் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. கறுப்பாகப் போகிற மணல் வெள்ளை வண்ணமாகித் திரும்பி வந்து, நாம் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பொருளியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்லலாம். இதே மணலிலுள்ள தைத்தேனியம் என்னும் உலோகத்தாலேயே பெரும்பாலும் செய்யப்பட்ட வேவு விமானம் ஒன்று பிற்காலத்தில் அமெரிக்காவில் எழுந்தது. எஸ்ஆர்-71 என்பது அதன் பெயர். முதலிற் பறந்தது 1964 டிசெம்பரில். ஒலியைப் போல மும்மடங்கு வேகம். அதற்கு வேண்டிய தைத்தேனியத்தில் ஒரு பகுதியை, எந்தச் சோவியத் நாட்டை வேவு பார்ப்பதற்காக அது செய்யப்பட்டதோ, அதே நாட்டிடமிருந்து இடைத்தரகர்கள் மூலம் வாங்கினார்கள். இதைக் கேட்ட மாணவர்கள் சிரித்தார்கள். அடுத்தமுறை அதைத்தான் செய்ய வேண்டும் என்றான் ஒருவன். கறுப்பு ஒரே நிறம், வேலை சுலபம் என்பது அவன் நியாயம்.

வேலை ஏறக்குறைய முடிந்திருந்த வேளையில் ஒரு தாய் என்னைக் காண வந்தார். 2009ஆம் ஆண்டிலே களப்புக்கு வடக்கே இருந்தவர் அவர். அந்த ஆண்டு, வடக்கேயிருந்து கப்பலிற் கொண்டு வரப்பட்ட காயக்காரர் பலரை எங்கள் ஊரிலே இறக்கினார்கள். இந்தியாவிலிருந்து வந்த மருத்துவக் குழு இங்கே தற்காலிக வைத்தியசாலை நடத்தியது. அந்தக் காலத்தில் வானிலே ஆளில்லாத வேவு விமானங்கள் சுற்றும். அவற்றின் ஓயாத இரைச்சலைக் கொண்டு மக்கள் அவற்றுக்கு வண்டு என்று பெயரிட்டிருந்தார்கள். வண்டு தலைக்கு மேலே வந்தால் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும் என்பது மாத்திரமே அப்பொழுது அவர் அறிந்த விமான சாத்திரம். “சேர், இதையும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் வேணுமா?” என்று கேட்டார். கோபம் இல்லை. அறியத்தான் கேட்டார்.

நான் அவரை அமரச் செய்து, செய்த வேலையைக் காட்டினேன். பேர்ச்சலின் கதையைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கண்டு சொல்கிறவன் யாருக்குச் சொல்கிறான் என்பதில் இருக்கிறது நன்மையும் தீமையும் என்று நான் சொல்ல எடுத்தபோது, அவர் மெல்லத் தலையசைத்து, கீழே இருக்கிறவர்களுக்கு அது தெரியாதே சேர், சத்தம் மட்டுந்தானே கேட்கும் என்றார். முப்பது ஆண்டுகளாக வரலாறு படிப்பிக்கிறேன். அந்த வசனத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, இப்பொழுதும் இல்லை. அவருடைய மகள் விரும்பாவிட்டால் விலகிக் கொள்ளலாம் என்றேன். அதற்கு அவர், அவள் விலக மாட்டாள், கம்பி இழுக்கிற வேலை அவளுடையதுதான் என்று சொல்லி எழுந்தார்.

மறுநாள் இந்தச் செய்தியை, தாயின் பெயரைச் சொல்லாமல், வகுப்பிலே வைத்தேன். மாதிரியின் கீழே வைக்கும் பெயரட்டையில் என்ன எழுதுவது என்ற விவாதம் அதனாலே புதிதாய்க் கிளம்பிற்று. முதலில் அவர்கள் எழுதியிருந்தது, இலங்கையைக் காத்த விமானம் என்பது. ஒருவன், காத்தது உண்மைதானே என்றான். ஒருத்தி, திருகோணமலையைக் காக்கவில்லையே என்றாள். கொக்கல மக்களை யார் காத்தது என்றான் இன்னொருவன். கடைசியில், காத்த என்ற சொல்லை வெட்டி விட்டார்கள். இப்பொழுது அட்டையில் இருப்பது இதுதான்: விமானத்தின் பெயர், விகிதம், நாள், சென்றவர் ஒன்பது பேர், பிழைத்தவர் ஆறு பேர், புறப்பட்ட களப்பின் பெயரும் அவ்வூரார் வெளியேற்றப்பட்ட செய்தியும். அதன் கீழே, சிறிய எழுத்திலே, வேவு விமானத்தின் ஒலியைக் கீழே இருப்பவர் எவ்வாறு அறிவர் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி. அந்த வரி வேண்டும் என்றவர் எழுவர், வேண்டாம் என்றவர் ஐவர். நான் வாக்களிக்கவில்லை.

மாதிரி இப்பொழுது நூலகத்து அலுமாரியின் மேற்தட்டில் இருக்கிறது. பார்க்க வந்த சிறுவன் ஒருவன் சுழலியைச் சுற்றிப் பார்த்ததில் ஓர் இதழ் முறிந்தது. அதுவும் ஒட்டப்பட்டு விட்டது. கண்ணாடிக் குமிழினூடே கூர்ந்து பார்த்தால் உள்ளே இருவர் இருப்பது தெரியும். ஒன்பது பேரையும் செய்துதான் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் உடலுக்குள்ளே மூடுண்டு விட்டார்கள், வெளியே தெரியமாட்டார்கள்.

கனடாவிலுள்ள பழைய மாணவர் இரண்டாவது பெட்டி ஒன்றும் அனுப்பியிருக்கிறார். அதுவும் கன்சோதான். இம்முறை அதை என்னவாக மாற்றுவது என்பது தீர்மானமாகி விட்டது. 1943ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து 1945 ஜூலை வரை அவுஸ்திரேலியாவின் குவாண்டஸ் நிறுவனம் ஐந்து கற்றலீனாக்களைக் கொண்டு பேர்த் நகருக்கும் கொக்கலவுக்கும் இடையே தபாலும் பயணிகளும் ஏற்றிப் பறந்தது. ஐந்துக்கும் விண்மீன்களின் பெயர். வழி முழுவதும் யப்பானியர் உலாவும் கடல். ஆதலால் வானொலி பேசக்கூடாது, விண்மீன்களைப் பார்த்தே வழி காண வேண்டும். ஏறத்தாழ 6,500 கிலோமீற்றரை எங்கும் இறங்காமல் கடக்க 27 மணி முதல் 33 மணி வரை சென்றது. அந்தப் பயணத்தில் சூரியன் இருமுறை உதிக்கும்; பயணிகளுக்கு இரட்டை உதயச் சங்கத்தின் உறுப்பினர் என்று நற்சான்றிதழும் வழங்கினார்கள். இவ்வாறு 271 தடவை கடந்தார்கள். இதற்காக அந்த விமானங்களிலிருந்து தேவையற்ற பாரமெல்லாம் கழற்றி எறியப்பட்டது. கிடைத்த இடத்தில் எல்லாம் எண்ணெய்த் தாங்கிகள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ 2,000 கலன் எண்ணெய் ஏற்றியபின், மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே இடம் இருந்தது.

ஆகவே இரண்டாவது மாதிரியில் சக்கரக் குழிகளோடு துப்பாக்கிகளின் இடத்தையும் மூட வேண்டும். உள்ளே தாங்கிகள் செய்ய வேண்டும். தாங்கிகளுக்கு எது பொருத்தம் என்று இப்பொழுது தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெறுமையான மருந்து மாத்திரை உறைகளை வைத்து அளந்து பார்த்ததில், இரண்டு மில்லிமீற்றர் அதிகம். யோகட் கோப்பைகள் மாத்திரம் வேண்டிய அளவு சேர்ந்திருக்கின்றன.